பனிமலையும் பருத்தித் துணியும்

ஒவ்வோர் ஆண்டும் நவம்பர் மாதக் கடைசியில், கனடாவில் வாழும் என் அக்காவின் மகன் எனக்குச் சில படங்கள் அனுப்புவது வழக்கம். ரொறன்ரோவிலிருந்து வடக்கே இரண்டு மணி நேரம் வாகனம் ஓட்டிச் சென்று, புரூஸ் நடைபாதை என்னும் மலையோரப் பாதையில் குடும்பத்துடன் ஒரு நாள் நடந்துவிட்டு வருவான். இலையுதிர்காலம் முடிந்து, குளிர்காலம் வாசற்படியில் கால் வைக்கும் வேளை அது. மரங்கள் மொட்டையாக நிற்கும். பாதை முழுவதும் கணுக்கால் அளவு வெண்பனி. சிவப்புத் தொப்பி அணிந்த அவன் மகள் முன்னால் நடப்பாள். படங்களின் கீழே ஒரே ஒரு வரி எழுதியிருப்பான்: "மாமா, பனியில் ஒரு நாள் நடை."

அந்தப் படங்களில் என் கண் எப்போதும் ஓரிடத்தில் போய் நிற்கும். வழியோர மரங்களின் உடலில், பார்க்கும் உயரத்தில், உள்ளங்கை அகலத்தில் வெள்ளை வர்ணக் கோடு ஒன்று தீட்டியிருக்கும். நெடுந்தொலைவுக்கு அப்படியே. அது என்ன என்று ஒருமுறை கேட்டேன். பாதைக் குறி என்றான். ஏறத்தாழ 900 கிலோமீற்றர் நீளமுள்ள அந்தப் பாதை 1967இல் திறக்கப்பட்டதாம். தொண்டர்கள்தாம் அதைப் பேணுகிறார்கள். பனி விழுந்து தரை மறைந்துவிட்டாலும், அடுத்த மரத்துக் கோட்டைப் பார்த்து நடந்தால் வழி தவறாது. ஒன்றின் மேல் ஒன்றாக இரண்டு கோடுகள் இருந்தால் பாதை திரும்புகிறது என்று பொருள்.

1967இல்தான் நானும் பிறந்தேன். எனக்கும் ஒரு பாதையோடு உறவுண்டு. அந்தப் பாதைக்குக் குறி இல்லை. அதைப் பற்றி எழுதவே இதைத் தொடங்கினேன்.

பனி என்ற சொல்லை வைத்துக்கொண்டு தமிழர்கள் உலகமெங்கும் படும் பாடு சுவையானது. கனடாவில் பிறந்த பிள்ளைக்குப் பனி என்றால் வானத்திலிருந்து பஞ்சுபோல் விழுந்து, வாசலை மூடி, பாடசாலைக்கு விடுமுறை வாங்கித் தருவது. நாவுலயில் வளர்ந்த எனக்குப் பனி என்றால் விடியற்காலையில் புல்லின் நுனியில் நிற்பது, பாட்டி தலையில் துணி போட்டுவிடுவது. நுவரெலியாக்காரருக்கு அது தை, மாசியில் தேயிலைக் கொழுந்தைக் கருக்கிவிடும் உறைபனி. ஒரே சொல், மூன்று குளிர்.

நம் முன்னோர் ஆண்டை ஆறு பொழுதுகளாகப் பகுத்தார்கள். கார் முடிந்தால் கூதிர், கூதிர் முடிந்தால் முன்பனி. ஐப்பசியும் கார்த்திகையும் கூதிர். மார்கழியும் தையும் முன்பனி. மலைநிலமாகிய குறிஞ்சிக்குத் தொல்காப்பியம் உரிமையாக்கிய பெரும்பொழுதுகள் இவ்விரண்டுமே. ஆக, கூதிர் கழிந்து முன்பனி தொடங்கும் நாளில் மலைக்குப் போவது கனடாக்காரர் கண்டுபிடித்த பழக்கமன்று. நம் இலக்கணமே அதற்கு இடம் கொடுத்திருக்கிறது.

நிற்க. 2023ஆம் ஆண்டு கார்த்திகையில் உறவினர் திருமணம் ஒன்றுக்காக மருமகன் குடும்பத்தோடு வந்திருந்தான். நாவுலயில் எங்கள் வீட்டில் தங்கினார்கள். வந்த இரண்டாம் நாள், பதினொரு வயதுச் சிறுமி என்னைக் கேட்டாள்:

"தாத்தா, இங்க பனிமலை இருக்கா?"

இருக்கிறது என்று சொன்னேன். பொய் சொல்லவில்லை. எங்கள் ஊருக்குத் தெற்கிலும் கிழக்கிலும் எழுந்து நிற்பது தும்பர மலைத்தொடர். கை விரல்களை மடக்கினால் தெரியும் மொளிகளைப்போல் சிகரங்கள் அடுத்தடுத்து இருப்பதால் ஆங்கிலேயர் அதற்கு நக்கிள்ஸ் என்று பெயர் வைத்தார்கள். தும்பர என்பதற்கு மூடுபனி சூழ்ந்தது என்று பொருள் சொல்வார்கள். அதன் மிக உயர்ந்த சிகரமான கொம்பனிய 1906 மீற்றர். 2010இல் யுனெஸ்கோ அறிவித்த இலங்கையின் மத்திய மலைநாட்டு உலக மரபுரிமைப் பகுதியில் ஹோட்டன் சமவெளியோடும் சிவனொளிபாத மலைக் காட்டோடும் இந்த மலைத்தொடரும் சேர்ந்திருக்கிறது. உலகில் வேறெங்கும் இல்லாத உயிர்கள் சில அங்கே உண்டு. மூக்கு நுனியில் இலைபோன்ற கொம்புடைய ஓணான் அவற்றுள் ஒன்று. அங்கே வெண்பனி விழாது. ஆனால் நவம்பரிலும் டிசம்பரிலும், வடகீழ்ப் பருவக்காற்று வங்காள விரிகுடாவின் ஈரத்தை அள்ளி வந்து அந்த மலைமேல் மோதும்போது, பத்தடிக்கு அப்பால் நிற்பவர் முகம் தெரியாத வெண்மை எழும். அதுவும் பனிதான்.

ரிவர்ஸ்டனுக்குப் போவதென்று முடிவாயிற்று. முதல் நாள் இரவு மருமகன் பைகளைக் கட்டிய விதத்தைப் பார்த்து நான் சிரித்தேன். ஒரு பகல் நடைக்கு இத்தனை ஏற்பாடா! ஒவ்வொருவருக்கும் மாற்றுடை, மழையங்கி, கம்பளித் தொப்பி, சூடு தாங்கும் போத்தலில் இனிப்புத் தேநீர், மடித்தால் உள்ளங்கைக்குள் அடங்கும் வெள்ளித்தாள் போர்வை. அட்டைக் கடிக்கென்று நான் எடுத்து வைத்தவை சவர்க்காரமும் உப்புப் பொட்டலமும் மட்டுமே.

"மாமா, நீங்க பருத்திச் சட்டையைப் போடக் கூடாது," என்றான்.

"ஏன்? ஐம்பது வருஷமா அதைத்தானே போடுறன்."

"மழையில நனைஞ்சா பருத்தி காயாது. உடம்புச் சூட்டையெல்லாம் உறிஞ்சிடும். அங்க எங்களுக்கு முதல்ல சொல்லித் தாறதே அதுதான்."

பிறகு விளக்கினான். காற்றைவிட நீர் ஏறத்தாழ இருபத்தைந்து மடங்கு விரைவாக உடலின் வெப்பத்தைக் கடத்திவிடுமாம். உடல் வெப்பம் 35 பாகைக்குக் கீழே இறங்கினால் ஆபத்து. அதற்கு வெண்பனி விழ வேண்டும் என்பதில்லை. பத்துப் பாகைக் குளிரில்கூட, நனைந்த உடையும் பலத்த காற்றும் சேர்ந்தால் போதும். முதலில் நடுக்கம் வரும். பிறகு நாக்குக் குழறும், கால் இடறும். நடுக்கம் நின்றுவிட்டால் குணமாகிவிட்டது என்று எண்ணக் கூடாது, அப்போதுதான் நிலைமை முற்றியிருக்கிறது. கனடாவில் நவம்பர் கடைசியில் ஐந்து மணிக்கு முன்பே பொழுது சாய்ந்துவிடும். ஆகையால் புறப்படும்போதே திரும்பும் நேரத்தையும் குறித்துக்கொள்வார்களாம். சிகரம் கைக்கெட்டும் தொலைவில் இருந்தாலும் அந்த நேரம் வந்தால் திரும்பிவிட வேண்டும்.

சிரித்த நான் வாயை மூடிக்கொண்டு மருமகன் கொடுத்த சட்டையை அணிந்தேன்.

விடியுமுன் நாவுலயிலிருந்து ஏ-9 வீதியில் தெற்கு நோக்கிப் புறப்பட்டோம். நாலந்தையைக் கடக்கும்போது, அங்குள்ள கெடிகேயைப் பற்றிச் சிறுமிக்குச் சொன்னேன். திராவிடக் கட்டடக் கலையில் எழுந்த கல் மண்டபம், ஆனால் பௌத்த வழிபாட்டிடம். போவத்தென்ன நீர்த்தேக்கத்தில் மூழ்கிவிடாதபடி அதைக் கல் கல்லாகப் பிரித்து, மேட்டில் மீண்டும் கட்டினார்கள். கற்களைக் காப்பாற்ற வேண்டும் என்று இந்த நாடு முடிவு செய்தால் அதனால் முடியும் என்பதற்கு அதுவே சாட்சி. இந்த எண்ணம் பிறகு உதவும்.

மாத்தளையில் தேநீர் குடித்துவிட்டு, ரத்தோட்டை வழியாக வளைந்து ஏறினோம். முதலில் மிளகும் கோப்பியும் கலந்த வீட்டுத் தோட்டங்கள், பிறகு தேயிலை, பிறகு காடு. சுமார் 1400 மீற்றர் உயரத்தில் தொலைத்தொடர்புக் கோபுரத்தை நோக்கிச் செல்லும் வழியில் நடக்கத் தொடங்கியபோது மணி எட்டு. வானம் தெளிவாக இருந்தது. கீழே பள்ளத்தாக்கு முழுவதும் தெரிந்தது. அரை மணி நேரம் கழித்து, யாரோ திரை இழுத்துவிட்டது போல் எல்லாம் மறைந்தது. காற்று நம்மைத் தள்ளவில்லை, பிடித்து இழுத்தது. மழை மேலிருந்து விழாமல் பக்கவாட்டில் வந்தது. சிறுமி என் கையைப் பற்றிக்கொண்டு, "இது ஸ்னோவ விடக் குளிருது தாத்தா," என்றாள்.

அந்த மூடுபனிக்குள்தான் அந்த இளைஞர்களைச் சந்தித்தோம். ஏதோ நகரத்திலிருந்து மோட்டார் சைக்கிள்களில் வந்த ஐவர். எல்லோரும் பருத்தி மேற்சட்டையும் செருப்பும்தான். ஒரு பாறையின் மறைவில் குந்தியிருந்தார்கள். நால்வர் சிரித்துக்கொண்டிருந்தார்கள், ஐந்தாமவன் சிரிக்கவில்லை. உதடு நீலம் பாரித்திருந்தது. பெயரைக் கேட்டால் பதில் குழறலாக வந்தது. "சும்மா நடிக்கிறான் அங்கிள்," என்றான் அவன் நண்பன்.

மருமகன் நடிப்பு என்று எண்ணவில்லை. ஈரச் சட்டையைக் கழற்றி, தன் மாற்றுடையை அணிவித்து, வெள்ளித்தாள் போர்வையைச் சுற்றி, இனிப்புத் தேநீரைச் சிறிது சிறிதாகக் குடிக்கக் கொடுத்தான். இருபது நிமிடத்தில் பையன் மீண்டும் நடுங்கத் தொடங்கினான். நடுங்குவது நல்லது என்று மருமகன் சொன்னபோது அவர்களுக்கு விளங்கவில்லை. பிறகு எல்லோருமாகக் கீழே இறங்கினோம். கோபுரத்தைப் பார்க்கவில்லை. அதற்காக வருந்தவும் இல்லை.

இறங்கும் வழியெங்கும் ஒரே ஒரு நினைவு என்னைத் தொடர்ந்து வந்தது. பருத்தி நனைந்தால் உடம்புச் சூட்டை உறிஞ்சிவிடும் என்றானே, அந்த வார்த்தை. அந்தப் பையனுக்குப் போர்வை இருந்தது. அதற்கு நூற்றைம்பது ஆண்டுகளுக்கு முன் இதே மலைக்கு, ஒற்றைப் பருத்தித் துணியோடு நடந்து வந்தவர்களுக்கு என்ன இருந்தது?

வாசகர்களில் பலருக்கு, குறிப்பாகப் புலம்பெயர்ந்த நாடுகளில் வளர்ந்தோருக்கு, இது புதிய செய்தியாக இருக்கலாம். 1823ஐ ஒட்டிக் கம்பளைக்கருகே கோப்பித் தோட்டம் தொடங்கியது முதல், கண்டி, மாத்தளை மலைகளில் காடுகள் வெட்டப்பட்டுக் கோப்பி நடப்பட்டது. அதற்குக் கைகள் வேண்டியிருந்தன. இராமநாதபுரம், மதுரை, திருச்சி, புதுக்கோட்டை, தஞ்சாவூர், சேலம் என்று தமிழகத்தின் வறண்ட ஊர்களிலிருந்து கங்காணிமார் ஆட்களைத் திரட்டினார்கள். படகில் மன்னார்க் கரையில் இறங்கியவர்கள், அங்கிருந்து 200 கிலோமீற்றருக்கும் மேல் காட்டு வழியே நடந்தார்கள். தம்புள்ளை, நாவுல, நாலந்தை, மாத்தளை. வடக்குப் பாதை என்று அரசாங்க ஏடுகள் குறித்த வழி அது. பின்னாளில் ஏ-9 என்று எண் பெற்ற வீதியின் இந்தப் பகுதி அதன்மேல்தான் செல்கிறது. எங்கள் வீட்டு வாசலிலிருந்து பார்த்தால் தெரியும்.

அந்த வழியில் வாந்திபேதியும் அம்மையும் காய்ச்சலும் பசியும் எத்தனை பேரைக் கொண்டன என்பதில் ஆய்வாளர்களிடையே கருத்து வேறுபாடு உண்டு. பெருந்தொகையானோர் இறந்தார்கள் என்பதில் வேறுபாடு இல்லை. பிழைத்து மாத்தளைக்கு வந்தவர்களை மலை எதிர்கொண்டது. சமவெளி வெயிலில் வளர்ந்த உடல்கள்; இடுப்பில் ஒரு துணி, தோளில் ஒரு துணி. தோட்டத்தில் கம்பளி கொடுத்தார்கள் என்பது உண்மையே. ஆனால் அது கொடையன்று. அதன் விலை தொழிலாளியின் கணக்கில் கடனாக எழுதப்பட்டது. வழிச் செலவும் கடன், அரிசியும் கடன், கம்பளியும் கடன். அந்தக் கடனைக் குறித்த 'துண்டு' என்னும் கடதாசி 1921இல் ஒழிக்கப்படும்வரை, கடன் தீராதவர் வேறு தோட்டத்துக்குப் போக முடியாது. குளிரிலிருந்து காத்துக்கொள்ளப் போர்த்திய போர்வையே ஒருவரைக் கட்டிப்போட்ட கயிறாகவும் இருந்தது.

1880இல் மாத்தளைக்கு ரயில் வந்தது. 1899இல், கொள்ளைநோய் அச்சத்தால், வடக்குப் பாதை வழியே ஆட்களைக் கொண்டுவருவது நிறுத்தப்பட்டது. என் பாட்டியின் தாயார் அந்தப் பாதை மூடப்படுமுன் சிறுமியாக நடந்து வந்தவர். பாட்டி அதைக் கதையாகச் சொன்னதில்லை. கார்த்திகை மாதத்தில் வாடை வீசும் இரவுகளில் எங்கள் மேல் போர்வையை இழுத்துவிடும்போது, "எங்கம்மாவோட தம்பி இந்த ரோட்டுலதான் குளிர்ல வெறச்சுப் போயிட்டானாம்," என்று மட்டும் சொல்வார். பெயர் சொல்லமாட்டார். பெயர் அவருக்கும் தெரியாது. எந்த இடத்தில் என்பதும் தெரியாது. சிறுவனாக இருந்தபோது, எங்கள் கடையிலிருந்து பாடசாலைக்கு நடக்கும் வழியில், இந்த மரமா, அந்த மதகா என்று பார்த்துக்கொண்டே போவேன்.

இப்போது நான் சொல்ல வந்ததற்கு வருகிறேன்.

2023 ஜூலை 28இல் தலைமன்னாரிலிருந்து ஒரு நடைபயணம் புறப்பட்டு, ஆகஸ்ட் 12இல் மாத்தளையை அடைந்தது. மலையகத் தமிழர் இந்நாட்டுக்கு வந்த இருநூறாவது ஆண்டை நினைவுகூர, முன்னோர் நடந்த வழியில் மீண்டும் நடந்தார்கள். அவர்களைக் காண வீதியோரத்தில் நின்றவர்களில் நானும் ஒருவன். முப்பது ஆண்டுகளுக்கு மேல் செய்தி எழுதி வருபவனுக்குக் கண் கலங்குவது தொழிலுக்கு ஒவ்வாது, அன்று கலங்கியது. நடந்தவர்கள் போனார்கள், பதாகைகள் போயின. மறுநாள் காலையில் வீதி பழையபடி வீதியாக இருந்தது. அவர்கள் நடந்து போனதற்கோ, அவர்களுக்கு முன் பல பத்தாண்டுகளாக நடந்து வந்தவர்களுக்கோ, நாவுலச் சந்தியில் ஒரு குறியையும் நான் கண்டதில்லை.

கனடாவின் மரங்களில் தொண்டர்கள் தீட்டிய வெள்ளைக் கோட்டை எண்ணிப் பாருங்கள். விடுமுறை நாளில் இன்பமாக நடப்பவர் வழி தவறக் கூடாது என்பதற்காக 900 கிலோமீற்றருக்குக் குறி வைக்கிறார்கள். உயிரைக் கொடுத்து நடந்தவர்களின் 200 கிலோமீற்றருக்கு நாம் ஏன் குறி வைக்கவில்லை? பெரிய தூபி கேட்கவில்லை. அமைச்சர் வந்து திரை நீக்க வேண்டாம். சில கிலோமீற்றருக்கு ஒரு சிறு கல், அதில் மூன்று மொழிகளில் ஒரு வரி: இவ்வழியே நடந்து வந்தார்கள். நாலந்தைக் கெடிகேயின் கற்களை ஒவ்வொன்றாகத் தூக்கி மேட்டில் வைத்த நாட்டுக்கு இது இயலாத காரியமா?

இதற்கு இரண்டு மறுப்புகளை நண்பர்கள் சொல்கிறார்கள். இரண்டும் பொருட்படுத்தத் தக்கவை.

முதலாவது: "மலைக்குப் போகிறவன் மகிழ்ச்சிக்காகப் போகிறான். அவன் தலையில் பழைய துயரத்தை ஏன் ஏற்றுகிறீர்?" நான் துயரத்தை ஏற்றச் சொல்லவில்லை. கடன் துண்டோடு மலையேறிய பெண்ணின் எள்ளுப்பேரன் மகள், வேலைக்காக அல்லாமல், விளையாட்டுக்காக அதே மலையில் ஏறி, குளிருகிறது என்று சிணுங்கி, பிடிக்காவிட்டால் இறங்கி வர முடிகிறது. இதைவிடப் பெரிய வெற்றி எங்கள் குடும்பத்துக்கு வேறில்லை. ஆனால் அது வெற்றி என்று அவளுக்குத் தெரிய வேண்டுமே! தெரியாவிட்டால் அந்த மலை படமெடுத்துக்கொள்ளும் பின்னணி மட்டும்தான். ஆளில்லாத பின்னணி என்று எண்ணுகிறவர்தாம் அங்கே போத்தலை எறிந்துவிட்டு வருகிறார். புல்வெளியில் தீ மூட்டுகிறார். செருப்போடு மூடுபனிக்குள் போகிறார்.

இரண்டாவது மறுப்பு கனமானது. "கல் வைத்தால் வயிறு நிறையுமா? இறந்தவருக்குக் கல், இருப்பவருக்கு என்ன?"

அன்று இறங்கும் வழியில், ரத்தோட்டைப் பக்கத்தில் ஒரு தேநீர்க் கடையில் நின்றோம். தகரக் கூரையிட்ட சிறு கடை. நடத்தியவர் தோட்டத்தில் கொழுந்து பறித்து ஓய்வுபெற்ற அம்மையார். எங்கள் ஈரக் கோலத்தைப் பார்த்து, "இந்த மாசத்துல யாராச்சும் மேல போவாங்களா ஐயா? நாங்களே கீழ எறங்குறோம்," என்றார். என்ன பொருள் என்று கேட்டேன். அவர் குடியிருந்த லயனுக்குப் பின்னால் மண்மேட்டில் வெடிப்பு. ஆண்டுதோறும் கார்த்திகை மழையில் மண்சரிவு எச்சரிக்கை வந்தால், மூட்டையோடு பாடசாலைக்குப் போய்ப் படுத்துவிட்டு, மழை விட்டதும் அதே லயனுக்குத் திரும்புவார்களாம். "வேற எடம் இல்லீங்களே," என்றார். மருமகன் அவரிடம் பணம் கொடுத்துவிட்டு மீதியை வாங்காமல் வந்தான். அவன் வெட்கப்பட்டான் என்பது எனக்குத் தெரிந்தது. எங்களிடம் திரும்பும் நேரம் இருந்தது. அவரிடம் திரும்பிப் போக வேறு இடம் இருக்கவில்லை.

2025 நவம்பர் இறுதியில் டித்வா புயல் வந்தது. நாடெங்கும் 600க்கும் மேற்பட்ட உயிர்கள் போயின. மத்திய மலைநாடு சரிந்தது. மாத்தளை, கண்டி, நுவரெலியா, பதுளை என்று மண்ணுக்குள் போன வீடுகளில் லயன்களும் இருந்தன. அந்த அம்மையார் அம்முறையும் பாடசாலைக்குப் போயிருந்ததால் உயிர் பிழைத்தார். அவர் அறையின் பின்சுவர் பிழைக்கவில்லை.

ஆகவே இரண்டாவது மறுப்புக்கு என் பதில் இது. கல்லா காணியா என்று கேட்பதே பிழை. இருநூறு ஆண்டுகளாக அந்த மலையில் உழைத்த மக்களுக்குச் சொந்தமென்று சொல்லப் பாதுகாப்பான ஒரு துண்டு நிலம் இன்னும் பெரும்பாலும் இல்லை என்றால், அதற்கு ஒரு காரணம், அவர்கள் எப்படி வந்தார்கள் என்பதை இந்த நாடு அறிய விரும்பாமல் இருந்ததே. வழிப்போக்கராய் வந்தார்கள், வழிப்போக்கராய் இருப்பார்கள் என்ற எண்ணம்தான் 1948இல் அவர்களின் குடியுரிமையையும் பறித்தது. நடந்து வந்ததற்குக் கல் நாட்டுவது, அவர்கள் வந்து சேர்ந்துவிட்டார்கள் என்று ஒப்புக்கொள்வது. வந்து சேர்ந்தவருக்கு வீடு வேண்டும் என்பது அடுத்த வரி. முதல் வரியை எழுதாமல் இரண்டாவது வரியை எழுத யாரும் முன்வரவில்லை என்பதே இதுவரை கண்ட உண்மை.

டிசம்பர் விடுமுறைக்கு ஊருக்கு வரும் அன்பர்களுக்குச் சில சொற்கள். மலைக்கு வாருங்கள், வராதீர்கள் என்று நான் ஒருபோதும் சொல்லமாட்டேன். ஆனால் நவம்பர், டிசம்பர் மழைக் காலத்தில் வானிலை அறிவிப்பையும் மண்சரிவு எச்சரிக்கையையும் கேட்காமல் புறப்படாதீர்கள். நக்கிள்ஸ் காடு வனப் பாதுகாப்புத் திணைக்களத்தின் பொறுப்பில் உள்ளது. அனுமதி பெற்று, வழி தெரிந்த உள்ளூர்க்காரர் ஒருவரோடு செல்லுங்கள். நனையாத மாற்றுடை ஒன்று பையில் இருக்கட்டும். எத்தனை மணிக்குத் திரும்புவீர்கள் என்று வீட்டில் சொல்லிவிட்டுப் போங்கள், சொன்ன நேரத்தில் திரும்புங்கள். கொண்டுபோனதையெல்லாம் கொண்டு வாருங்கள்.

இன்னொன்று. யாழ்ப்பாணத்திலிருந்தோ வவுனியாவிலிருந்தோ அந்த வீதியில் வாகனத்தில் வருவீர்களானால், தம்புள்ளையைத் தாண்டியதும் பிள்ளைகளின் கையில் இருக்கும் தொலைபேசியை ஒரு கணம் கீழே வைக்கச் சொல்லுங்கள். இந்த வழியே மனிதர்கள் நடந்து வந்தார்கள் என்று சொல்லுங்கள். உங்கள் குடும்பம் நடக்காமல் இருந்திருக்கலாம், அதனால் என்ன? கல் வரும்வரை, சொல்லே குறியாக இருக்கட்டும்.

கடந்த ஆண்டும் மருமகன் படம் அனுப்பியிருந்தான். புயலுக்குச் சில நாள் முன்பு எடுத்தது. அதே புரூஸ் பாதை, அதே வெண்பனி. சிறுமி இப்போது வளர்ந்துவிட்டாள். வெள்ளைக் கோடு தீட்டிய ஒரு மரத்தருகே நின்றிருந்தாள். வழக்கமான வரியை அவன் எழுதவில்லை. அவள் எழுதியிருந்தாள், தட்டுத் தடுமாறிய தமிழில்:

"தாத்தா, உங்க ரோட்டுக்கு எப்ப பெயின்ட் அடிப்பாங்க?"

பதில் எழுதக் கையடக்கத் தொலைபேசியை எடுத்தேன். இன்னும் எழுதவில்லை.